இணைச்சீருக்கு மூன்று வாரம் முன்னால்

என் எடையை முதன்முதலில் சரியாகச் சொன்னது கொப்பரை மூட்டை நிறுக்கும் தராசு. எங்கள் ஊர் கிளினிக்கில் இருந்த கண்ணாடித் தராசு நூற்றிருபது கிலோவுக்கு மேல் தாங்காது. நான் ஏறி நின்றதும் ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. கோயமுத்தூர் டாக்டருக்குக் கொண்டுபோகும் சீட்டில் எடை என்ற இடத்தைக் காலியாக விட முடியாதே. என் வீட்டுக்காரர் சண்முகத்துக்குக் காங்கேயத்துக்கு வெளியே தேங்காய்க் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்துக் காயவைத்து, கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற இடம். அங்கே போனோம். அப்போதுதான் டீ குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த ஆட்களை, "எல்லாரும் போயி இன்னொருக்கா டீ குடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். நான் ஏறியதும் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நீயே பாத்துக்க அம்மணி. நான் பாக்குல."

"நூத்தி முப்பத்தொண்ணுங்க."

"செருப்போட நிக்கற. அதுல ஒரு கிலோ கழிச்சுக்க" என்றார் திரும்பாமலே.

ரப்பர் செருப்பு ஒரு கிலோ இருந்திருந்தால் அதைப் போட்டு நடந்தே நான் இளைத்திருப்பேன்.

என் பெயர் பூங்கொடி. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவர்கள் சிரிப்பை அடக்குவதை இந்த நாற்பத்தொரு வயதுக்குள் நிறையப் பார்த்துவிட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். ஆர்டரோடு வரும் அளவுச் சீட்டைப் பார்த்து, துணி வெட்டுவதற்கான மாதிரிகளை அட்டையில் வரைந்து கொடுப்பது என் வேலை. மீடியத்துக்கும் லார்ஜுக்கும் இடையில் மார்புச் சுற்றளவு எத்தனை கூடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த அளவை மட்டும் எடுத்ததே இல்லை. பழைய சுடிதாரைப் பிரித்து, பக்கவாட்டில் இரண்டு விரல் துணி சேர்த்துக்கொள்வேன். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு விரல்.

எடை குறைப்பதற்காக நான் செய்துகொண்ட ஆபரேஷனைப் பற்றிக் கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். "நல்லா இருக்கறனுங்க, தைரியமாப் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிடுகிறேன். அது உண்மைதான். போனில் சொல்லாத மீதியை இங்கே எழுதுகிறேன்.

தூக்கத்தில் எழுப்பினாலும் என்று சொன்னேன் அல்லவா, தூக்கம்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஒரு நாள் மத்தியானம் வெட்டு மேசையின் மீது குனிந்து வரைந்துகொண்டிருந்தேன். நின்றபடியே தூங்கிவிட்டேன். நெற்றி மேசை விளிம்பில் அடித்து, புருவத்தில் இரண்டு தையல். தையல் போட்ட டாக்டர் காயத்தை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அங்கிருந்து கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

குண்டானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் முதல் பயம் ஊசி இல்லை, நாற்காலி. காத்திருக்கும் இடம் முழுக்கக் கைப்பிடி வைத்த நாற்காலிகள். உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வேன், எழுந்தால் நாற்காலியும் கூட வரும். "பரவாயில்லீங்க, நின்னுக்கறேன்" என்று முதல் நாள் மூன்று மணி நேரம் நின்றேன். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் கைப்பிடி இல்லாத பெஞ்சு ஒன்று இருப்பதை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அடுத்த தடவையிலிருந்து என்னை வாசலில் இறக்கிவிட்டு முன்னால் ஓடிப்போய், தன் துண்டை அந்த பெஞ்சில் விரித்துவிட்டு வருவார், பஸ்ஸில் இடம் போடுவதைப் போல. அந்த மனிதரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அந்தத் துண்டை நினைத்தால் எல்லாம் மறந்துவிடும்.

சோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். கழுத்துக் கொழுப்பு மூச்சுக்குழாயை அழுத்துவதால் தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். ஒவ்வொரு தடவையும் மூளை விழித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிடுகிறதாம். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் உண்மையில் தூங்கவே இல்லை. அதற்கு ஒரு முகமூடி மிஷினைக் கொடுத்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தன, கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது, முழங்கால் தேய்ந்திருந்தது.

சர்ஜன் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"சாப்பாட்டைக் கொறைங்கன்னு நான் சொல்லப்போறதில்லைங்க. இருபது வருசமா அதைத்தான் கேட்டிருப்பீங்க. இது உங்களுக்கு வைராக்கியம் இல்லாததால வந்ததில்ல. சுகர் மாதிரி இதுவும் ஒரு நோய்."

அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆபரேஷனை விளக்கினார். இரைப்பை ஒரு பை. அதை நீளவாக்கில் வெட்டி முக்கால் பங்கை எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழத்தின் அகலத்துக்குக் குழாய் போல இருக்கும். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் எடுத்துவிடும் பகுதியில்தான் இருப்பதால் பசியும் அடங்கும். வெட்டும்போதே இரண்டு பக்கமும் கிளிப் போட்டுத் தைத்துக்கொண்டு போகும் ஒரு கருவியின் படத்தைக் காட்டினார். எங்கள் கம்பெனி ஓவர்லாக் மிஷினும் அதைத்தான் செய்கிறது, துணியை வெட்டிக்கொண்டே தைக்கும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்குப் பயமே இல்லை.

பயமெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான். ரோபோ உதவியோடு செய்கிற ஆபரேஷன் என்றதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், நடுவுல மிஷினு நின்னுபோட்டா?"

"நின்னா நான் கையால முடிச்சுருவேங்க. அதுக்கு மூளையெல்லாம் கெடையாது. நாலடி தள்ளி நான் உக்காந்திருப்பேன். என் கை அசைஞ்சாத்தான் அது அசையும்."

"அப்ப சாதாரணமா ஓட்டை போட்டுப் பண்ணறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"எடை கொறையறதுல பெருசா வித்தியாசம் இருக்காதுங்க, பொய் சொல்ல மாட்டேன். இவங்களுக்கு வயித்துச் சுவரு ரொம்ப தடிமன். கம்பியைக் கையில புடிச்சு அதுக்குள்ள திருப்பறது செரமம். ரோபோ கை உள்ளயே மணிக்கட்டு மாதிரி திரும்பும், நடுங்காது. எனக்கு நிதானமாத் தைக்க முடியும்."

நிதானமாகத் தைக்க முடியும் என்று ஒரு தையல்காரி சொன்னால் இன்னொரு தையல்காரிக்கு அது போதும். கம்பெனி இன்சூரன்ஸ் ஒரு பங்கைக் கொடுத்தது. மிச்சத்தை என் வீட்டுக்காரர் எப்படிப் புரட்டினார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் நான் சம்மதித்ததற்கு சர்க்கரையோ முழங்காலோ காரணமில்லை. என் தம்பி பிரபுதான் காரணம்.

பிரபு என்னைவிட நான்கு வயது இளையவன். கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பத்து வருஷமாகப் பார்த்தோம். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவனுடைய கூடப்பிறந்தவளும் மணவறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்கிற சீர். சீர்ச்சாமான் வைத்த மூங்கில் பேழையை அவள் தலையில் சுமப்பாள். பெண்ணுக்குக் கட்டப்போகும் கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்கும். கட்டிக்கொண்டு வருகிறவள் வந்தாலும் கூடப்பிறந்தவள் விட்டுப்போகவில்லை என்று ஊர் முன்னால் சொல்வது அது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா மகன் கல்யாணத்தில், அவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லையென்று என்னை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. தரையில் கையை ஊன்றினேன், முழங்கால் மடங்கவில்லை. கடைசியில் நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வீடியோக்காரர் ஒன்று விடாமல் எடுத்துவிட்டார். அது சொந்தக்காரர்களின் போன்களில் சுற்றியது. யாரோ அதற்கு மேளச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள்.

என்னைத் தூக்கிய நான்கு பேரில் பிரபுவும் ஒருவன். அன்றைக்கு மண்டபத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"இனி எந்தக் கல்யாணத்துலயும் நான் கீழ உக்கார மாட்டன்டா கண்ணு."

"என்ற கல்யாணத்துல நீதான் உக்காரோணும். நாலு பேரென்ன, நாப்பது பேரு தூக்கட்டும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து என் ஆசையெல்லாம் ஒன்றுதான். அவன் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த அதே வாரம் பிரபுவுக்குப் பெண் அமைந்தது. நித்யா என்று பெயர், தாராபுரம் பக்கம். கல்யாணத் தேதியைக் கேட்டதும் நான் காலண்டரை எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து ஏழு வாரத்தில் கல்யாணம். ஆறு வாரம் கனமாக எதுவும் தூக்கக் கூடாது, அதற்குப் பிறகு தாராளமாக உட்காரலாம், எழலாம், தூக்கலாம் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். அதற்குள் இருபது கிலோவாவது குறைந்திருக்கும். அளந்து வெட்டியதைப் போல இருந்தது கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தது தேங்காய்ப்பால்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று வாரம் திரவ உணவு மட்டும் என்றார்கள். காலையில் புரதப் பொடி கலக்கிய பால், மத்தியானம் வடிகட்டிய சூப்பு, சாயங்காலம் நீர்மோர் என்று சீட்டில் எழுதியிருந்தது. நான்காம் நாள் எனக்குக் கை நடுங்கியது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் என் வீட்டுக்காரர் ஒரு சொம்போடு வந்தார். முற்றின காயாகப் பார்த்து உடைத்து, தானே துருவி, பிழிந்து, நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்ட முதல் பால்.

"இதைக் குடிக்கலாமுங்களா?"

"திரவம்னுதான போட்டிருக்குது? இது என்ன கெட்டியாவா இருக்குது? தேங்காப்பாலு தண்ணியாட்டந்தான அம்மணி."

பிறந்ததிலிருந்து தேங்காய்க்குள்ளேயே கிடக்கும் மனிதர். அவர்கள் வீட்டில் தேங்காய் உணவுக் கணக்கிலேயே வராது. சந்தகை என்கிற இடியாப்பத்துக்கு ஊற்றி, கஞ்சிக்கு ஊற்றி, குழந்தைக்கு வயிற்றுவலி என்றாலும் அதையே கொடுத்து வளர்ந்தவர்கள். அவர் நம்பித்தான் கொடுத்தார். நானும் நம்பிக் குடித்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பாதிதான் நம்பினேன். பசி மீதிப் பாதியைக் கேட்கவிடவில்லை. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. உணவு ஆலோசகர் பெண் போன் செய்து கேட்கும்போதெல்லாம், "திரவம் மட்டுந்தானுங்க எடுத்துக்கறேன்" என்று சொல்லி வந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்கேன் எடுத்தார்கள். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. சர்ஜன் படத்தைக் காட்டினார். இரைப்பைக்கு மேல் கல்லீரலின் இடது மடல் மூடிக்கொண்டு இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையைத் தொட முடியும். கொழுப்பேறி வீங்கிய கல்லீரலைத் தூக்கினால் கிழியும், ரத்தம் கொட்டும். மூன்று வாரப் பத்தியம் அதைச் சுருங்க வைப்பதற்குத்தான். என்னுடையது சுருங்கவே இல்லை.

"என்ன சாப்பிட்டீங்க?"

என் வீட்டுக்காரர் பெருமையாகவே சொன்னார். சர்ஜன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "தேங்காய்ல எண்ணெய் எடுத்து விக்கறவங்க நீங்க. அதுல கொழுப்பு இருக்குதுன்னு நான் உங்களுக்குச் சொல்லோணுங்களா?" என்று மட்டும் கேட்டார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் பையைச் சுமந்துகொண்டு வந்தார்.

நான்கு வாரம் தள்ளிப்போனது. அதாவது ஆபரேஷனுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மூன்றே வாரம். பேழை சுமக்க முடியாது. சர்ஜனே சொன்னார்: "அவசரம் ஒண்ணும் இல்லைங்க. கல்யாணத்தை முடிச்சுட்டு வாங்க. ஒரு மாசத்துல ஒண்ணும் ஆயிராது."

தள்ளி வைத்திருக்கலாம். நூற்று முப்பது கிலோவோடு போய் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கு எழுதும்போது எத்தனை சுலபமாக இருக்கிறது! அன்றைக்கு என் கண்ணுக்குள் அந்த வீடியோ ஓடியது. பெண் வீட்டார் முன்னால், புதிதாக வருகிற நித்யா முன்னால், நான்கு பேர் என்னைத் தூக்குவது.

பிரபுவுக்குப் போன் செய்தேன்.

"டாக்டரம்மா இனித் தள்ளி வெக்கவே கூடாதுங்கறாங்க கண்ணு. இணைச்சீருக்கு ரேவதியை உக்கார வெச்சுக்க." ரேவதி எங்கள் சித்தப்பா மகள்.

"செரிக்கா. உன்ற ஒடம்புதான் முக்கியம்" என்றான்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தேங்காய்ப்பால் குற்றம் அவர் வாயைக் கட்டிவிட்டது.

நான்கு வாரம் ஒழுங்காகப் பத்தியம் இருந்தேன். ஆபரேஷன் தியேட்டருக்கு என்னை நடத்தியே கூட்டிப்போனார்கள். உள்ளே அந்த ரோபோ பாலிதீன் உறை போர்த்திக் கைகளை மடக்கிக்கொண்டு நின்றது. லீவு நாளில் மூடி வைத்த தையல் மிஷின்தான் ஞாபகம் வந்தது. மூலையில் ஒரு மேசையில் சர்ஜன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பெடலில் கால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பெடலை மிதித்துத்தான் வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை, தோள்பட்டை வலித்தது. ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் காற்றை நிரப்புவார்கள், அதில் மிச்சம் இருப்பது தோளில் வலிக்கும், நடந்தால் போய்விடும் என்றாள் நர்ஸ். அன்று சாயங்காலமே நடந்தேன். வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். மருந்து அளக்கும் சின்னக் கப்பில் கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர். என் வீட்டுக்காரர் போனில் அலாரம் வைத்து, ஒவ்வொரு கப்புக்கும் சீட்டில் ஒரு கோடு போட்டார். களத்தில் மூட்டை எண்ணுகிற அதே கோடு, நாலு நின்றால் குறுக்கே ஒன்று.

அவர் என் முன்னால் எதுவும் சாப்பிடவில்லை. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அறைக்குள் வருவார். அப்படியும் ஒரு நாள் அவர் சட்டையில் சாம்பார் வாசம் இருந்தது. நான் அழுதேன். பசியில் இல்லை. பசி வரவே இல்லை, அதற்காகத்தான் அழுதேன். எத்தனை திட்டியிருக்கிறேன் அந்தப் பசியை! நாற்பது வருஷம் கூடவே இருந்த ஒன்று, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் உருகுவதை நினைத்துப் பார்த்தேன். நாக்கு கேட்டது. வயிறு ஊமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பிரபு வந்தான். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகையை அக்காவுக்குத்தான் வைக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்றான்.

"மூணு வாரத்துல, சும்மா வந்து உக்காரவாச்சும் முடியுமாக்கா?"

"கீழ உக்காந்து எந்திரிச்சா உள்ள தையல் இழுக்குமாம் கண்ணு."

அப்படி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனான்.

கல்யாணம் சென்னிமலை அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் வரிசையில் இடது ஓரம், மின்விசிறிக்குக் கீழே, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றை என் வீட்டுக்காரர் பிடித்து வைத்திருந்தார். கையில் நீர்மோர் பாட்டில். பார்த்தவர்களெல்லாம் "ஏனம்மணி, இப்பவே எளைச்சுட்டயே" என்றார்கள். ரேவதி என் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பேழை ஏற்றினார்கள், கூறைச் சேலையை விரித்தார்கள். நான் பார்க்கவில்லை. போனை எடுத்து, அடுத்த மடக்கு மோருக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையை நிமிர்த்தியபோது சீர் முடிந்திருந்தது.

இனி எல்லோரும் கேட்கிற விஷயம். ஒரு வருஷம் முடிந்து இப்போது எண்பத்துமூன்று கிலோ. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, ரத்த அழுத்த மாத்திரை பாதியாகிவிட்டது. முகமூடி மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வெட்டு மேசையில் முழு விழிப்போடு நிற்கிறேன். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, பிறகு நின்றது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. விட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. ஒரு வாய் அதிகமானால் அப்படியே வெளியே வந்துவிடும். விருந்துக்குப் போனால், "சாப்பிடாமப் போனா எப்புடிங்க" என்று கையைப் பிடிக்கிறவர்களிடமிருந்து தப்பிப்பது தனிக் கலை. அசந்தால் எடை திரும்பவும் ஏறும் என்று சர்ஜன் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கிறார். இத்தனைக்கும் பிறகு, பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டால், பண்ணிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

போன மாதம் சிங்காநல்லூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிடத் தரையில் பாய் விரித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒரே ஒரு இட்லியை முக்கால் மணி நேரம் சாப்பிட்டேன். நித்யா கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து பக்கத்தில் பிரித்தாள். அதுவரைக்கும் நான் அதைப் பார்க்காமல் தப்பித்து வந்திருந்தேன்.

"எல்லாப் போட்டோவுலயும் நல்லாத்தான் இருக்கறாருங்கண்ணி. இந்த ஒண்ணுல மட்டும் பாருங்க, எங்கியோ பாத்துட்டிருக்கறாரு."

இணைச்சீர் படம். ரேவதி கையை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். கூறைச் சேலையின் இரண்டு முனையும் பிரபு கையிலேயே இருக்கின்றன. அவன் முகம் அவள் பக்கம் இல்லை, இடது பக்கம் திரும்பியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியின் காலும் என் சேலைக் கரையும் தெரிந்தன.

நித்யா தண்ணீர் எடுக்க எழுந்துபோனாள். என் வீட்டுக்காரர் வெளியே வண்டியைப் பார்க்கப் போயிருந்தார்.

"எங்கடா பாக்கற இதுல?"

"உன்னத்தான்."

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன்தான் மெதுவாகச் சொன்னான்.

"டாக்டரு தள்ளி வெக்கக் கூடாதுன்னு சொன்னாங்களான்னு, ஆஸ்பத்திரியில உன்னப் பாத்துட்டு வெளிய வந்ததும் மாமாகிட்டக் கேட்டேன். அவரு பதில் சொல்லாம முதுகக் காட்டிக்கிட்டு நின்னுட்டாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா என்னைக் கேக்குல?"

"கேட்டா நீ வருவ. கூசிக்கிட்டு வருவ. அது வேண்டாம்னு இருந்தேன்." சாப்பிட்ட கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஆனா சேல முனைய ரேவதிகிட்டக் குடுக்கச் சொன்னப்ப, கை வருலக்கா. சித்த நேரம் குடுக்காமயே வெச்சிருந்தேன். பேழைய யாரு வேணா சொமக்கட்டும். கீழ உக்கார வேண்டாம். நீ எந்திரிச்சு வந்து பக்கத்துல நின்னுட்டாப் போதும்னு உன்னையே பாத்துட்டிருந்தேன். நீ போனப் பாத்துட்டிருந்த."

கை கழுவ எழுந்தேன். தரையில் கை ஊன்றவில்லை, யாரும் பிடிக்கவும் இல்லை. ஆறு வருஷம் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆல்பம் கீழே திறந்தே கிடந்தது. அளவெடுத்துப் பழகிய கண் எனக்கு. என் நாற்காலிக்கும் அவன் கைக்கும் நடுவில் ஏழு அடிதான், அதற்கு மேல் இருக்காது.